பூச்சு முக்கியம்

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய நகரத்தார் வீட்டில் தங்கினேன். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்காய்த் தேய்த்த சுவர். அந்தச் சுவரில் துளை போட யாருக்கு மனசு வரும்? அதனால் குளியலறைக் கீசருக்கு நேர் கீழே, சொட்டு விழும் இடமாகப் பார்த்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாரம்பரியத்தைக் காப்பது என்றால் இதுதான். குளிக்கிறவன் போனால் இன்னொருவன் வருவான்; பூச்சு போனால் வருமா?

தனி 16 ஆம்பியர் பிளக், எர்த் கம்பி, ஆர்சிசிபி எல்லாம் வீண் செலவு. அந்த ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊரில் இவ்வளவு பதற்றம் ஆகுமா? தவிர, பிளக் உருகுகிறபோது குளியலறையே கதகதப்பாகிறது. அதற்குத் தனியாகக் காசும் கேட்பதில்லை.

வேலை செய்த எலக்ட்ரீஷியனை மெச்சி, "உங்க வீட்டிலும் இப்படித்தானா அண்ணே?" என்றேன்.

"எங்க வீட்ல விறகடுப்பு, வெந்நீர் அண்டாதாங்க" என்றார்.

கீசர் 2,000 வாட். இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். பெட்டியில் அச்சிட்டிருப்பது 6.