பாம் ஷெல்ட்டரில் ஓர் ஆம்பூர் ஷூ

சிங்கப்பூரின் மார்சிலிங்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒன்றில், ஆம்பூரில் வாங்கிய தோல் ஷூ ஒரு ஜோடி பாம் ஷெல்ட்டருக்குள் பெட்டியோடு பத்திரமாக இருந்தது. நல்ல நாளைக்கு ஆகும் என்று வைத்தவர் வீட்டுக்காரர். தீபாவளியன்று திறந்து பார்த்தால், ஷூ அவருக்கு முன்பே நரைத்திருந்தது.

பூஞ்சை! அதற்கு வாடகை ஒப்பந்தமும் வேண்டாம், வீவக அனுமதியும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் போதும், தோலில் குடியேறிவிடும். சிங்கப்பூரிலோ ஆண்டுச் சராசரியே 80-க்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு அந்த பாம் ஷெல்ட்டர். குண்டைத் தாங்கும் கனத்த சுவர், இரும்புக் கதவு, பெயருக்குக் கொஞ்சம் காற்று. அரிசி மூட்டைக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவே பூஞ்சைக்கு ராஜ வாழ்க்கை.

“மாப்பிள்ளை, தேங்காய் எண்ணெய் தடவுங்க” என்றார் மாமியார். “வேண்டாங்க, வெயில்ல வைங்க” என்றார் மனைவி. சன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியில் ஷூவைத் தொங்கவிடும் யோசனையும் வந்தது. பத்தாவது மாடியிலிருந்து ஷூ விழுந்தால் அது தோல் பராமரிப்பில் சேராது, போலீஸ் வழக்கில் சேரும்.

இரண்டு வைத்தியமும் தப்பு. எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சைக்கு அது விருந்து. சுள்ளென்ற வெயிலோ தோலை வறட்டி வெடிக்க வைக்கும். பூஞ்சையை வீட்டுக்குள் தட்டாமல், ஷூவை வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து, சாயம் போகிறதா என்று மறைவான இடத்தில் பார்த்துவிட்டு, துணியில் லேசாகத் தொட்டு ஒற்றி எடுக்கலாம். பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும். நன்றாகக் காய்ந்த பின்தான் லெதர் கண்டிஷனர், அதுவும் மெல்லிய பூச்சு. ஸ்வேட் தோலுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணிப்பை போதும். ஷூவுக்குள் அச்சு மை இல்லாத வெள்ளைத்தாளை அடைக்கலாம். தேக்காவில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய கைப்பை தோலா, பாலியூரித்தேனா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. பாலியூரித்தேன் ஈரக்காற்றில் தானாகவே சிதையும்; தொடாமல் வைத்திருந்தாலும் ஒருநாள் அப்பளமாக உதிரும். அதற்குக் கண்டிஷனர் வாங்குவது வீண் செலவு.

ஷூ பெட்டியோடு வரும் குட்டி சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இந்த ஊரில் நம்பிப் பயனில்லை; சீக்கிரமே ஈரம் குடித்து ஓய்ந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா தேவலை. ஆனால் அதை ஷூவுக்கும் பைக்கும் மேல்தட்டில் வைத்துவிடாதீர்கள். அதில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் தோல் சுருங்கி விறைத்துப்போகும். அதற்கப்புறம் எந்த வைத்தியமும் எடுபடாது.