கைக்கிளையா, பெருந்திணையா: ஜப்பான் கேசட் காதலுக்கு ஓர் இலக்கணம்

தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், தம் வீட்டுக் கரண்டுக்கு ஒத்துவராத, தம் டிவியில் தெரியாத ஒரு விளையாட்டை, தபால் செலவும் தாமே கொடுத்துக் கடல் கடந்து வரவழைக்கும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இவர்களுக்கென்று ஓர் இலக்கணம் இல்லாதது பெருங்குறை. அதைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் எல்லை. 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டு இயந்திரம் தொடங்கி, 1990 நவம்பரில் வந்த சூப்பர் ஃபேமிகாம் ஈறாக உள்ளவையே ஈண்டு ஆராயப்படும். போட்டி இயந்திரங்களான மெகா டிரைவின் அன்பர்களும் பிசி எஞ்சினின் அன்பர்களும் தனிச் சமயத்தார். அவர்களோடு வாதிட்டு நேரத்தோடு வீடு திரும்பியவர் இல்லை.

இனித் திணை. நிலம், தோக்கியோவின் அகிஹாபராவும் ஒசாகாவின் டென்டென் டவுனும். பழைய பொருள் விற்கும் ஹார்டு ஆஃப் கடைகளில் ‘ஜங்க்’ என்று எழுதி, ஓடுமா ஓடாதா என்ற உத்தரவாதம் இல்லாமல் கேசட்டுகளைக் கொட்டிவைத்திருக்கும் பெட்டிகளும் அதில் அடங்கும். பொழுது, இணைய ஏலம் முடியவிருக்கும் கடைசி நிமிடம். உரிப்பொருளில்தான் சிக்கல். எதிரில் இருப்பது பேசுவது ஒன்றும் விளங்காமலே அன்பு செலுத்துவதால் இது கைக்கிளை என்பர் ஒரு சாரார். விலையைக் கேட்டவர்கள் பெருந்திணை என்பர்.

இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அவர்களையே கேட்டால், மூலபாடம் வேண்டும் என்பார்கள். இந்த வாதம் வலுவானது. 1986இல் ஜப்பானில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ வந்தது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது மிகக் கடினம் என்று கருதிய நின்டெண்டோ, ‘டோக்கி டோக்கி பேனிக்’ என்ற வேறொரு விளையாட்டில் ஆட்களை மாற்றி, 1988இல் அதற்கே ‘மாரியோ 2’ என்று பெயர் சூட்டி அங்கே விற்றது. 1992இல் அதுவே ‘சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ’ என்ற பெயரில் ஜப்பானுக்குத் திரும்பி வந்தது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’யின் நான்காம் பாகம் அமெரிக்காவில் இரண்டாம் பாகம், ஆறாவது, மூன்றாவது. உண்மையான இரண்டும் மூன்றும் அப்போது அங்கே போகவே இல்லை. இவ்வளவு பாடபேதம் நம் ஏட்டுச்சுவடிகளில்கூடக் கிடையாது.

‘செல்டா’ விளையாட்டில் வரும் முயல்காது அரக்கன் நிலை இன்னும் மோசம். ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் உண்டு. அதில் சத்தம் போட்டால் இந்த அரக்கன் செத்துப்போவான். அமெரிக்காவுக்குப் போன கன்ட்ரோலரில் மைக் கிடையாது. ஆனாலும் அரக்கனுக்குப் பெருஞ்சத்தம் பிடிக்காது என்ற வரி மட்டும் அங்குள்ள கையேட்டில் அப்படியே நின்றுவிட்டது. அதை நம்பி விளையாட்டுக்குள் புல்லாங்குழலை ஊதிப் பார்த்தவர்கள் பலர். அரக்கன் அசையவில்லை.

ஆயினும் மூலபாட வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. மூலபாடம் தேடுபவர் அதை வாசிக்கவும் தெரிந்தவராக இருப்பது மரபு. நம் கொள்கையாவது: தடையே சுவை, தடை மிகச் சுவை மிகும்.

இதற்குச் சான்றுகள் பல. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட். அங்கிருந்து வந்த அடாப்டரை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகை வரும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். ஃபேமிகாம் தன் படத்தை அனுப்புவது ஜப்பானிய டிவியின் முதல் இரண்டு சேனல்களில். அந்த அலைவரிசையில் இந்தியாவில் ஓடுவது எஃப்எம் ரேடியோ. ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின், அமெரிக்க இயந்திரத்துக்கு 72. இடையில் ஓர் இணைப்பான் தேவை. 1985இல் அமெரிக்காவில் வந்த ‘ஜைரோமைட்’ பிரதிகள் சிலவற்றுக்குள், ஜப்பானிய சர்க்யூட்டோடு அந்த இணைப்பானையும் நின்டெண்டோவே வைத்து மூடி விற்றிருக்கிறது. இது தெரிந்த அன்பர், கடையில் ஜைரோமைட்டை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, கனமானதைத் தேர்ந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்கிறார். அந்த விளையாட்டை அவர் ஆடுவதே இல்லை.

சூப்பர் ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான சூப்பர் நின்டெண்டோவில் தடை மிகக் குறைவு. அமெரிக்க இயந்திரத்தின் கேசட் வாயில் இரண்டு பிளாஸ்டிக் நீட்டல்கள், அவ்வளவுதான். குறடால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். பிறகு ஜப்பானியக் கேசட் உள்ளே போகும். இது மிக எளிது என்பதால் அன்பர்களிடையே இதற்கு மதிப்புக் குறைவு.

தடையின் உச்சம் 1987இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 2’. கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. நிறுத்தும்போது திரையில் ஒரு மந்திரம் வரும். அதிகபட்சம் 52 ஹிரகானா எழுத்து. அதைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் எழுத்தெழுத்தாகத் திருப்பி இட வேண்டும். ஹிரகானாவில் ‘மெ’யின் வால் முனையில் ஒரு சுழி போட்டால் ‘நு’. ‘ஹ’வின் தோளில் இரண்டு கோடு வைத்தால் ‘ப’வின் ஓர் ஓசை, சின்ன வட்டம் வைத்தால் இன்னோர் ஓசை. ரெண்டு சுழி ‘ன’வுக்கும் மூணு சுழி ‘ண’வுக்கும் அடி வாங்கிய நமக்கே பழைய டிவியின் மங்கலில் கோடு எது, வட்டம் எது என்று தெரியாது. ஓர் எழுத்து பிசகினாலும் ‘மந்திரம் தவறு’ என்று திரை சொல்லும். ஜப்பானிய மொழியில் நம் அன்பர்கள் பிழையின்றி வாசிக்கும் ஒரே வாக்கியம் இதுதான். அதுவும் பழக்கத்தால்.

அற்றேல், தமிழ்நாட்டில் 90களில் கேம் பெட்டி வைத்திருந்தவர்கள் நிலை என்னை எனின், அதுவும் கூறுவாம். நம் ஊரில் விற்ற அந்தப் பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். பெரும்பாலும் அதே 60 பின். அசல் ஜப்பானியக் கேசட் கிடைத்திருந்தால் எந்த இணைப்பானும் இல்லாமல் நேராக உள்ளே போயிருக்கும். அடாப்டரும் நம் கரண்டுக்கு, சேனலும் நம் டிவிக்கு. திரையில் எழுதியிருப்பதை வாசிக்கும் வழக்கமே யாருக்கும் இல்லை. ஆக, தடை சுழியம். நம் கொள்கைப்படி இவர்களுக்குச் சுவையும் சுழியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ‘கான்ட்ரா’ ஆட இரண்டாவது கன்ட்ரோலருக்கு அண்ணன் தம்பிக்குள் நடந்த சண்டைகளை நேரில் கண்டவர்கள் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். இச்சான்று கொள்கையோடு பொருந்தாமையால், இவர்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள் என்று விலக்கப்படுகிறார்கள்.