நாலு ரூபாய்க்கு நாலு மாடி

1976 கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எதிரே அண்ணாந்து நின்றேன். "வாயை மூடுடா, காக்கா எச்சம் போட்டுடும்" என்றார் மாமா.

1959-இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது, 177 அடி. ஊர்க்காரன் மெட்ராஸுக்கு வந்துவிட்டான் என்று சினிமாவில் காட்ட ரயிலடி ஒரு ஷாட், இது ஒரு ஷாட். அதனால் டூரிங் டாக்கீஸ் மண்தரையில் உட்கார்ந்தே பலமுறை பார்த்திருந்தேன். ஆனால் அங்கே கழுத்து வலித்ததில்லை. மாடிகளை எண்ணினால் மாடிக்கு ஒரு ரூபாய் போலீஸ்காரர் வசூலிப்பார் என்று ஊரில் மிரட்டி அனுப்பியிருந்தார்கள். சட்டைப்பையில் இருந்தது நாலு ரூபாய். நாலாவது மாடியோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஒன்பது ஏற்கெனவே சித்தி கல்யாணத்தில் தீர்ந்துபோயிருக்க, மிச்சத்தில் ஒன்றை, சொத்தில் பங்கு எழுதிக் கொடுப்பவர் மாதிரி, எனக்குக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை மேலே தூக்கி அழுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து ஊர் ஸ்டூடியோவில் படம் வந்தது. வானம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. உச்சி மாடிகளைக் காணோம். மிச்சக் கட்டடம் மல்லாக்க விழுந்துகொண்டிருந்தது. "தம்பி, போன வருஷம் தீப்பிடிச்சப்பவே விழாத கட்டடத்தை ஒரே அமுக்குல சாய்ச்சுப்புட்டியே!" என்றார் ஸ்டூடியோக்காரர். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் மேலே போகப்போகச் சுவர்கள் நெருங்கும், கட்டடம் பின்னால் சாயும். தள்ளிப் போய் நேராகப் பிடித்திருக்க வேண்டுமாம். தள்ளிப் போனால் பல்லவன் பஸ் வரும் என்று அவருக்கு யார் சொல்வது?

போன மாதம் மறுபடி போனேன். இப்போது அந்தக் கட்டடத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம். பூமிக்கு அடியிலிருந்து எஸ்கலேட்டர் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறது. மகள் வாங்கியிருக்கும் ஃபிளாட் பதினெட்டாவது மாடி, அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மாதத் தவணையைத்தான் பார்க்கிறோம். கைபேசியில் ஆயிரம் படம் எடுக்கலாம். சாய்ந்த கட்டடத்தை அதுவே நிமிர்த்திவிடும், வெளுத்த வானத்துக்கு நீலமும் பூசும்.

எல்லாம் சரி, கழுத்துதான் ஒத்துழைக்கவில்லை. எலும்புத் தேய்மானம். "அண்ணாந்து பார்க்கவே கூடாது" என்று டாக்டர் உத்தரவு. நாலு மாடிக்காவது போலீஸ்காரர் அனுமதித்திருந்தார்.

வழி கண்டுபிடித்தேன். செல்ஃபி கேமராவைத் திறந்து, கைபேசியை நடைபாதையில் மல்லாக்க வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் போதும். கட்டடம், வானம், ஓரத்தில் என் மூக்குத் துவாரம், எல்லாம் தெரிந்தது.

"என்ன சார், சில்லறை விழுந்துடுச்சா?" பக்கத்துக் கடைக் காவலாளி வந்து குனிந்தார். பூ விற்கும் அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"அட, எல்.ஐ.சி.! சூப்பரா இருக்கு சார். எப்ப எடுத்தது?"

அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் அது நின்றுகொண்டிருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். திரையில் குறுக்கே ஒரு காகம் பறந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.