சிறப்பு தரிசனத் தண்ணீர்

மாதேஸ்வரன் மலையில் அமாவாசையன்று வரிசையில் நின்றவருக்கு நீரியல் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை. மேட்டூரில் விடியற்காலை பஸ் ஏறி, கொளத்தூர், பாலாறு தாண்டி, ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறியவர் தர்ம தரிசன வரிசையில் இரும்புக் கம்பியைப் பற்றியபடி நிற்கிறார். பக்கத்துத் தடத்தில் சீட்டு வாங்கியவர் வருகிறார், கும்பிடுகிறார், போகிறார். கடைசியாக வந்தவர் முதலில் போயாயிற்று. முதலில் வந்தவர் நின்ற இடத்திலேயே வியர்த்துக்கொண்டிருக்கிறார். இடுப்பில் பிள்ளை அழுகிறது.

நம் ஊர்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குள் நடப்பதும் இதுதான். சில தொட்டிகளில் தண்ணீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே குழாய். பலவற்றில் இரண்டு குழாய் உண்டு, ஆனால் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நிற்பதுபோல் பக்கத்துப் பக்கத்தில். இன்று காலை மோட்டார் ஏற்றிய புதுத் தண்ணீர் நேரே வெளிக்குழாய்க்குப் போய்விடும். போன வாரத்துத் தண்ணீர் எதிர் மூலையில் நிற்கும். அதற்குச் சீட்டு எடுக்க வழியில்லை.

வெயில் இதற்கு உடந்தை. மண்ணுக்குள் புதைந்த குழாயில் வரும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டியில் காய்ந்து கிடப்பது சூடாக இருக்கும். சூடானது மேலே மிதக்கும், குளிர்ந்தது கீழே படுக்கும். ஒரு டிகிரி வித்தியாசம் கூடப் போதும், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கடுக்காக நின்றுவிடும். சாதி எங்கிருந்து கற்றுக்கொண்டதோ தெரியாது, தண்ணீருக்கு அந்தப் புத்தி வெப்பத்தால்தான் வருகிறது. வெளிக்குழாய் அடியில் இருப்பதால் கீழ் அடுக்கு வந்து வந்து போகிறது. மேல் அடுக்கில் குளோரின் கரைந்து காணாமல் போகிறது. சூட்டில் இன்னும் சீக்கிரம் போகும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. தெருக்குழாயில் பிடித்துப் பார்த்தால் இருக்கும். பிடித்தது சீட்டு வாங்கிய தண்ணீர் அல்லவா? அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதிவிடலாம்.

குளோரின் போடும் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் ஏறுகிறார், மூடியைத் திறக்கிறார், வாளியில் கரைத்த பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார், இறங்குகிறார். கொட்டிய இடத்திலேயே அது கிடக்கும். அன்று ஒரு தெருவில் காபி ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், அடுத்த தெருவுக்குக் குளோரின் எட்டிக்கூடப் பார்க்காது. கலக்குவது யார் வேலை என்று கேட்டால் தண்ணீரின் வேலை என்பார்கள்.

யாத்திரைத் தலத்துக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் லட்சக்கணக்கில் ஜனம் வரும். அதற்குத் தகுந்த அளவில் தொட்டி கட்டாமல் முடியாது. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெரிய வயிற்றில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பிறகு கூட்டம் வரும், எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறக்கும், ஒதுங்கிக் கிடந்த பழையது மொத்தமும் பிரசாதமாக இறங்கும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு ஊரைக் காட்டியிருக்கிறது. மிசௌரி மாநிலத்தில் கிடியன் என்ற சின்ன ஊர், 1993 நவம்பர். தொட்டிக்குள் புறாக்களின் எச்சமும் இறகும். திடீரென்று குளிர் இறங்கியது. மேலே மிதந்த தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே புரண்டது. தண்ணீர் நாறுகிறது என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். குழாய்களைத் திறந்து அலசிவிட்டார்கள். அந்த அலசல்தான் தொட்டியின் அழுக்கை ஊர் முழுவதற்கும் பரிமாறியது. சால்மோனெல்லா கிருமியால் அறுநூறு பேருக்கு மேல் படுத்தார்கள், ஏழு பேர் செத்தார்கள். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஆயிரத்துச் சொச்சம். அவர்கள் விசாரித்தார்கள், புறாவையும் வெப்பத்தையும் குற்றவாளிகளாக எழுதி வைத்தார்கள். அதனால்தான் எனக்கு இன்று இந்தக் கதை தெரிகிறது.

இங்கே? 2023 ஆகஸ்டில் கர்நாடகத்துச் சித்ரதுர்காவின் கவாடிகரஹட்டியில் கெட்டுப்போன குடிநீரைக் குடித்து, வயிற்றுப்போக்கில் உயிர்கள் போயின. அடுத்த மே மாதம் மைசூருவுக்குப் பக்கத்தில் கே. சாலுண்டியில் அதே வயிற்றுப்போக்கு, அதே சாவு. அன்றைய முதலமைச்சரின் சொந்த மாவட்டம். இவை தொட்டித் தண்ணீர் சுழலாததால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. குழாய்க்குள் சாக்கடை புகுந்தால் அதோடு சண்டை போடக் கடைசியாக மிச்சமிருக்கும் ஒரே காவல்காரன் அந்த 0.2 மில்லிகிராம். அவனையும் தொட்டியிலேயே பட்டினி போட்டுக் கொன்று அனுப்புகிறோம் என்கிறேன். சாவு விழுந்த பிறகு வால்வு திருகுபவரைச் சஸ்பெண்ட் செய்வார்கள். தொட்டிக்கு வரைபடம் போட்டவர், இரண்டு குழாயையும் ஒட்டி வைத்தவர், அதற்குப் பில் பாஸ் செய்தவர் எல்லோரும் சுகமாகப் பதவி உயர்ந்து ஓய்வு பெறுவார்கள். பிறகு ஒரு சுற்றறிக்கை வரும். தொட்டிக்குள் சுற்றாத தண்ணீருக்கும் சேர்த்து அது ஊர் ஊராகச் சுற்றும்.

தமிழ்நாட்டுக்காரன் கர்நாடகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. தொட்டி வெறும் 10,000 லிட்டர். அதற்குள் என்ன இருக்கிறது என்று அரசு கண்டுபிடிப்பதற்கு முன் குழந்தைகளின் வயிறு கண்டுபிடித்தது. சி.பி.சி.ஐ.டி., ஒரு நபர் ஆணையம், மரபணுச் சோதனை என்று இரண்டு ஆண்டு சுற்றி, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே வந்து விழுந்தது. சுழற்சி என்றால் இதுவல்லவா சுழற்சி!

மலைக்குத் திரும்புவோம். 1997-ல் மைசூருவிலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மலை புது மாவட்டத்துக்குப் போனது. மலைக்காட்டுக்குள் இண்டிகநத்தா என்று ஓர் ஊர். ரோடு கொடு, தண்ணீர் கொடு என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள், 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். கைகலப்பானது, வாக்குப்பதிவு இயந்திரம் உடைந்தது. அரசு அந்த ஊருக்காக இவ்வளவு வேகமாக ஓடி வந்ததை அன்றைக்கு முன் அங்கே யாரும் கண்டிருக்க மாட்டார்கள். மூன்றே நாளில், 29-ஆம் தேதி, மறுவாக்குப்பதிவு! போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, புது இயந்திரம் வந்தது. காட்டு வழி, வனவிலங்குச் சரணாலயம், அனுமதி கிடைக்காது என்பதெல்லாம் இயந்திரத்துக்குப் பொருந்தாதாம், குடத்துக்கு மட்டும்தான் பொருந்துமாம். ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரல் 24 அன்று, மாநில அமைச்சரவையே மாதேஸ்வரன் மலையில் கூடிப் பல ஆயிரம் கோடிக்குத் திட்டம் பேசியது. மலைமேல் ஏற்கெனவே புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரருக்கு 108 அடியில் சிலை நிற்கிறது. நல்லது, சாமிக்கு உயரம் வேண்டும். தொட்டிக்கும் உயரம் வேண்டும். இரண்டுக்கும் திறப்பு விழா உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் விழா கிடையாது, அதனால் யாரும் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் மருந்து என்ன விலை என்று கேட்டால் வயிறு எரியும். தோட்டத்தில் ரப்பர் டியூபின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள். காலடியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மதிற்சுவர் வரை பாயும். அவ்வளவுதான் சங்கதி. தொட்டிக்குள் வரும் குழாயின் வாயைக் குறுக்கி, மேல்நோக்கித் திருப்பி, வெளிக்குழாயை எதிர்ப்பக்கம் வைத்துவிட வேண்டும். விட்டம் பாதியானால் வேகம் நான்கு மடங்கு. ஏற்றும் மோட்டாரின் விசையே உள்ளே கிடப்பதைக் கலக்கிவிடும், தனியாகக் கரண்டு பில் கூட வராது. அதோடு தினமும் தொட்டியை நன்றாக இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும். எப்போதும் முக்கால் தொட்டி நிறைந்திருப்பதைச் சாதனையாக நினைக்கக் கூடாது. ஒரு குழாய் வளைவு, ஒரு குறுகிய வாய், ஒரு நாள் கூலி. இதில் கமிஷன் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டீ, இரண்டு பஜ்ஜி. இந்தத் திட்டம் ஏன் எந்த மேஜையிலும் நகரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊர்த் தொட்டியின் தூணில் நீல பெயிண்டில் இரண்டு தேதி எழுதியிருக்கும்: சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள். மாதம் இருமுறை தவறாமல் மாறும். போன மாதம் ஆபரேட்டர் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றிருந்தார். பழைய தேதியின் மேல் வெள்ளை அடித்து, அது காய்வதற்காகப் பீடி பற்ற வைத்திருந்தார்.

"மேல ஏறிப் பாத்தீங்களாண்ணே, தண்ணி எப்படி இருக்கு?"

"ஏணியில நடுவுல நாலு படி இல்ல சார். எழுதிக் கொடுத்து ரெண்டு வருசமாச்சு."

"அப்ப தேதி?"

அவர் புகையை விட்டுவிட்டுத் தூணைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"அது தரையில இருந்தே எட்டுது சார்."