ஆறு கம்பியும் அணுகுண்டும்

திருத்தங்கலில் கிட்டார் பழகுகிறவருக்கு முதல் எதிரி சோம்பல் அல்ல, சிவகாசி. காதுகுத்து, கல்யாணம், தேர்தல் வெற்றி எதுவானாலும் இந்தப் பக்கம் வெடிதான்.

பையன் கைபேசியில் ட்யூனர் ஆப்பைத் திறந்து, தடித்த கம்பியைத் தட்டுகிறான். மேலே இருப்பதற்குப் பெயர் ஆறாவது கம்பி, சுருதியோ எல்லாவற்றிலும் கீழ். அந்த வம்பு தனி. வர வேண்டியது 82 ஹெர்ட்ஸ். அந்த நேரம் பார்த்துத் தெருவில், 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்த சரவெடி. மைக் பாவம், எதைக் கேட்கும்? முள் ஆடுகிறது, பையன் கீயை முறுக்குகிறான், கம்பி முனகுகிறது.

தனி வெடிக்கு நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சட்டம் இடம் தருகிறது. கிட்டாருக்கு அரைச் சுரம்கூடச் சலுகை இல்லை.

இந்த ஊருக்கு ஏற்றது கிளிப் ட்யூனர். கிட்டாரின் தலையைக் கவ்விக்கொண்டு மரத்தின் அதிர்வை மட்டும் படிக்கும். அணுகுண்டே வெடித்தாலும் பெரிதாக அசராது.

ட்யூனரே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி உண்டு: ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தினால் வருவதுதான் ஐந்தாவது கம்பியின் சுருதி. அப்படியே இறங்கி வரலாம், மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காம் ஃபிரெட். இதை மறந்தால் இரண்டாவது கம்பி அரைச் சுரம் ஏறும். அதை நம்பி முதல் கம்பியும் ஏறும். கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த பக்கத்து வீட்டுத் தாத்தா, வெடிக்குச் சாத்தாத ஜன்னலை இதற்குச் சாத்துவார்.