விறகுக்கு வாட் எத்தனை?

கே: கொர்பு மலை ஏறப்போகிறோம். விறகு எரித்தால் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் அடுப்பு வேண்டும் என்கிறான் மகன். ஏமாற்று வேலையா? (வாசகி, தஞ்சோங் ரம்புத்தான்)

ப: ஏமாற்று இல்லை அம்மா. இரு வேறு பொருள்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் ஓடும். 1821-இல் சீபெக் கண்ட சங்கதி. பயோலைட் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை அடுப்பு 3 வாட் தரும். 5000 மில்லியாம்ப்-மணி பேட்டரி நிரம்ப சுமார் 19 வாட்-மணி தேவை. ஆக, ஆறு மணி நேரத்துக்கு மேல் மகன் குந்தியிருந்து சுள்ளி ஒடித்துப் போடவேண்டும். கைப்பேசியைத் தொடாமல் பிள்ளையை உட்கார வைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. அவசரத்துக்கு ஒரு பவர் பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: அப்புறம் எதற்கய்யா அந்த அடுப்பு? (ஈப்போ)

ப: விசிறிக்கு! அடுப்போடு ஒட்டிய குட்டி விசிறி அந்த மின்சாரத்தில்தான் சுழல்கிறது. தீக்குள் காற்று பாய்வதால், புகையாய்ப் போகவேண்டியதும் எரிந்துவிடுகிறது. ஊதுகுழலும் கையுமாய்க் கண் எரிந்த பாட்டிமாரைக் கேளுங்கள், சார்ஜைவிட இதற்குத்தான் காசு கொடுப்பார்கள்.

கே: அந்தக் காலத்திலேயே இது எங்கள் ரப்பர் தோட்ட லயத்துக்கு வந்திருந்தால்? (சுங்கை சிப்புட்)

ப: வேறு நாட்டில் வந்தது. 1950-களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டிலேயே ரேடியோ பாடியது. நம் பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-இலேயே மின்சாரம் எடுத்தது. அது ஈயம் தோண்டிய லம்பத்துக்கு ஓடியது. பால் வெட்டியவர்கள் வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான், ஆனால் பாடாத விளக்கு.

கே: ரப்பர் கட்டை போடலாமா? (பத்து காஜா)

ப: காய்ந்திருந்தால் தாராளமாக. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்ட கொட்டகையில் எரிந்ததும் அதுதானே! விரல் பருமனுக்குப் பிளந்துகொள்ளுங்கள். ஒட்டுப்பால் இருந்தால் சுரண்டி எறியுங்கள். இல்லாவிட்டால் கரும்புகையும் நாற்றமும் பக்கத்துக் கூடாரம்வரை போகும்.

கே: மழை வந்தால் கூடாரத்துக்குள் எரிக்கலாமா? (தைப்பிங்)

ப: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தைப்பிங்காரருக்கு மழை புதிதா? வெளியே தார்ப்பாய் கட்டுங்கள்.

கே: இந்த நுட்பம் எங்காவது உருப்படியாய் ஓடுகிறதா? (கோப்பெங்)

ப: 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில். புளூட்டோனியம் தானாகவே சூடாகும், அந்தச் சூட்டில்தான் மின்சாரம். அங்கே சுள்ளி ஒடிக்க ஆள் கிடையாதே!