மைக்கூட்டு இலக்கணம்: மறுபிறவி கார்ட்ரிட்ஜ் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

பேனாவில் மை தீர்ந்தால் பேனாவைத் தூக்கி எறியாமல் மையை மட்டும் ஊற்றிக்கொள்வதே ஃபவுண்டன் பேனாக் காலம் தொட்டு வழங்கிவந்த முறையாகும். பிரிண்டர் எனப்படும் அச்சுப்பொறி வீட்டுக்குள் புகுந்த பின்னரோ, மை தீர்ந்தால் மையோடு மைக்கூட்டையும், சில வகைகளில் மைக்கூட்டோடு அச்சுத்தலையையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்னும் புதுவழக்கு தோன்றியது. இவ்வழக்கை ஏற்காதார், காலியான கூடுகளைத் திரட்டித் துப்புரவு செய்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் மையோ தூளோ நிரப்பி, அட்டைப்பெட்டியில் அடைத்து இணையச் சந்தையில் விற்கும் பொருளே 'மறுஉற்பத்திக் கார்ட்ரிட்ஜ்' எனப்படும். புதிய மொந்தையில் பழைய கள் என்பது பழமொழி. இங்கே மொந்தை பழையது, கள் புதியது. பழமொழி தலைகீழாக நிற்பதனால் இப்பொருளுக்குத் தனியே ஓர் இலக்கணம் வகுக்க வேண்டியதாயிற்று.

பாயிரத்துக்குரிய உறுப்புகளுள் மூன்றை மட்டும் இங்கே கூறுதல் போதும். இவ்விலக்கணத்தின் எல்லை, வடக்கே பிரிண்டரின் காகிதத்தட்டும் தெற்கே கொரியர்க்காரர் நிற்கும் வாசற்படியும் ஆகும். கேட்போர், பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்டை முதல்நாள் இரவு பத்து மணிக்கு அச்சிட முனைந்து, மஞ்சள் மை தீர்ந்தமையால் கறுப்பும் வராது என்று தம் சொந்தப் பிரிண்டராலேயே மறுக்கப்பட்டோர் ஆவர். பயன், பணம் மிச்சமாதல். அது கைகூடாதவிடத்து மனம் தெளிதல்.

எழுத்ததிகாரம்

எழுத்துப் பிறக்கும் முறை இருவகைப்படும்: நீரால் பிறப்பதும் தூளால் பிறப்பதும். முன்னது இங்க்ஜெட், பின்னது லேசர். நெஞ்சு, தலை, மிடறு என எழுத்தின் பிறப்பிடங்களை வகுத்த பண்டை இலக்கணிகளுக்கு இவ்விரண்டையும் காணும் வாய்ப்பு அமையவில்லை.

இங்க்ஜெட்டின் ஒரு பெரும்பிரிவில், அச்சுத்தலையின் நுண்துளை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சிறு மின்தடை உண்டு. அது நொடியின் மிகச் சிறு கூற்றுக்குள் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, அருகிலுள்ள மையைக் கொதிக்கச் செய்து, எழுந்த குமிழியின் அழுத்தத்தால் ஒரு துளியைக் காகிதத்தின் மேல் துப்புகிறது. ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வுக்கூடத்தில் 1977இல், மை நிரம்பிய ஊசிக்குழல் ஒன்றின் மேல் சூடான பற்றவைப்புக்கோல் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதே இந்நுட்பத்துக்கு வித்தாயிற்று என்பது அந்நிறுவனம் கூறும் வரலாறு. ஊசியில் பிறந்த இக்கலை, ரீஃபில் செய்வோர் கையில் ஊசியாலேயே மறுபிறவி எடுப்பது ஊழின் ஒழுங்கை மெய்ப்பிக்கிறது.

அம்மறுபிறவியைச் சற்று அணுகிக் காண்பது தகும். மூவண்ணக் கூட்டின் தலைமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி எடுத்தால், அதன்கீழ் சிறு துளைகள் தென்படும்; துளைக்குக் கீழே மையை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு உள்ளது. ஒவ்வொரு துளையிலும் அதற்குரிய நிறத்தை ஊசியால் மெல்ல ஏற்றி, பஞ்சு நிறைந்து மை மேலே துளும்பும் தறுவாயில் நிறுத்தி, ஸ்டிக்கரை மீண்டும் ஒட்டிவிட்டு, கூட்டின் அடிப்புறத்தை ஒரு டிஷ்யூ தாளின் மேல் அழுத்த வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று கோடுகள் கலவாமல் பதிந்தால் கூடு பிழைத்தது என்பது முடிவு. இரண்டு கோடுகளே பதிந்தால் ஒரு நிறத்தின் துளைகள் காய்ந்து அடைபட்டுள்ளன என்று பொருள். மூன்றும் ஒன்றாகிச் சேற்றுநிறம் தோன்றினால் பஞ்சறைகளுக்குள் கலப்பு நிகழ்ந்துவிட்டது. காய்ந்த தலைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் மருத்துவமும் உண்டு.

தூள்வகையாகிய டோனர், மை என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் நுண்ணிய பிளாஸ்டிக் பொடியே ஆகும். ஒளியுணரும் பூச்சுடைய உருளையாகிய டிரம்மின் மேல் லேசர் ஒளி எழுதிய இடங்களில் இப்பொடி ஒட்டி, காகிதத்துக்கு மாறி, பின்னர் சூட்டினால் உருகிப் பதிகிறது. டிரம், அதில் எஞ்சிய தூளை வழிக்கும் வைப்பர் பிளேடு, தூளைச் சீராகப் பரப்பும் டாக்டர் பிளேடு, மின்னேற்றும் உருளை, காந்த உருளை, கழிவுத்தூள் அறை ஆகிய அனைத்தும் பலவகைக் கார்ட்ரிட்ஜுகளில் ஒரே கூட்டுக்குள் அடங்கியுள்ளன. ஆகவே மறுஉற்பத்தி என்னும் சொல்லுக்குத் தகுதியுடையவர், இவ்வுறுப்புகளைக் கழற்றி, கழிவறையைக் காலி செய்து, டிரம்மையும் பிளேடையும் மாற்றுபவரே ஆவார். பக்கவாட்டில் துளையிட்டுத் தூளைக் கொட்டி டேப் ஒட்டுபவர் செய்வது ரீஃபில் மட்டுமே. அவர் கழிவறையைக் காலி செய்ய மறந்தாராயின், அத்தூள் பிரிண்டரின் வயிற்றில் சிந்தித் தன் இருப்பை உணர்த்தும்.

எழுத்தின் குற்றங்களும் இவ்வதிகாரத்தின்பாற்படும். பக்கத்தின் நெடுக ஒரே கோடு இறங்கினால் அது பெரும்பாலும் வைப்பர் பிளேடின் தேய்வையோ டிரம்மின் கீறலையோ குறிக்கும். எச்.பி. 12ஏ வகை டோனரின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டமுடையது. எனவே அதன் மேற்பரப்பில் ஓரிடத்தில் பழுது நேர்ந்தால், ஏறக்குறைய 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அதே புள்ளி பக்கத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை எனில், ஏ4 தாளில் மூன்று நான்கு இடங்களில் தவறாது ஒன்றி வரும் இப்புள்ளியை 'இயந்திர எதுகை' எனல் வேண்டும்.

இனி மாத்திரை. எழுத்துக்கு மாத்திரை அளவாதல் போலக் கார்ட்ரிட்ஜுக்குப் பக்கம் அளவாகும். 12ஏ டோனர் 2000 பக்கம் தரும் என்னும் கூற்றில், பக்கப்பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே கருமை படியும் என்பது உட்கிடை. ஒரு விடுப்பு விண்ணப்பம் இவ்வளவைக் கடவாது. ஆயின் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அமைந்த கண்ணீர் அஞ்சலித் தாள் ஒன்றே பல விடுப்பு விண்ணப்பங்களை விழுங்கவல்லது. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை முதலியவற்றின் துதிக்கை வளைவுகளை நீக்கியது டோனரைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு அன்று என்றாலும், அதன் பயனை இன்று லேசர் பிரிண்டர்கள் அனுபவித்துவருவதை மறுக்க இயலாது.

சொல்லதிகாரம்

நூல்கள் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்பது மரபு. பிரிண்டர் செய்த நிறுவனமே செய்தது 'ஒரிஜினல்', இது முதல். முதலின் கூட்டை எடுத்து உறுப்பு மாற்றிச் செய்தது மறுஉற்பத்தி, இது வழி. முதலைப் பார்த்து வேறொருவர் தம் சொந்த அச்சில் புதிதாகவே வார்த்தது 'கம்பாட்டிபிள்', அதாவது ஒத்தியங்குவது; இது சார்பு. இம்மூன்றும் தம் பெயரால் தாம் விற்கப்படும் வரை குற்றமற்றவை. வழியோ சார்போ முதலின் பெட்டியை அணிந்து வருமாயின் அது நான்காவது வகையாகிய போலி. அதற்கு இலக்கணத்தில் இடமில்லை, சட்டத்தில் மட்டுமே இடம் உண்டு.

இணைய விற்பனையாளரின் சொல்லாட்சியில் ஆய்வாளர் முதலில் நோக்க வேண்டியது நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' ஆகும். 'எச்.பி. டோனர்' என்பதும் 'எச்.பி. பிரிண்டருக்கான டோனர்' என்பதும் ஒன்றல்ல. முன்னது யார் செய்தது என்பதைச் சொல்ல, பின்னது எதனுள் நுழையும் என்பதை மட்டுமே சொல்கிறது. பட்டியலின் தலைப்பில் நிறுவனப் பெயர் பெரிதாகவும், இவ்வுருபுக்கு ஈடான சொல் கண்ணுக்குத் தப்புமாறும் நிற்பதுண்டு. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, பொருட்டு முதலிய பொருள்கள் உண்டென்பர். இவற்றுள் விற்பவர் கருதுவது பொருட்டு. வாங்குபவர் நம்புவது தகுதி. கூட்டைக் கண்டதும் பிரிண்டர் சில வேளை மேற்கொள்வது பகை.

அப்பகைக்குக் காரணம் 'சிப்' எனப்படும் சில்லு. கூட்டின் பக்கத்தில் விரல்நகத்தளவில் ஒட்டியிருக்கும் இச்சில்லு, தான் யார், எவ்வளவு செலவானது என்பதைப் பிரிண்டருக்கு உரைக்கிறது. 12ஏ வகைக்குச் சில்லு இல்லாமையே அது ரீஃபில் தொழிலின் காமதேனுவாக விளங்கியதற்கு ஒரு காரணமாகும். சில்லுடைய வகைகளிலோ, பிரிண்டரின் உள்மென்பொருள் புதுப்பிக்கப்படுந்தோறும் பழைய நட்பு முறியலாம். எச்.பி. நிறுவனத்தின் சில ஆஃபீஸ்ஜெட் வகைகள் 2016 செப்டம்பர் 13 அன்று பிறர் சில்லுகளை ஒருசேர மறுத்ததும், எழுந்த கண்டனத்துக்குப் பின் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து மாற்று மென்பொருள் தந்ததும் இதற்குச் சான்று. மேலும், 'கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பு' என்னும் அமைப்பு இயங்கும் பிரிண்டரில் ஒருமுறை நுழைந்த கூடு, அப்பிரிண்டருக்கே தாலி கட்டிக்கொண்டதாகிவிடும். அதைத் துப்புரவு செய்து வேறு பிரிண்டருக்கு அனுப்பினால் இரண்டாம் மணம் ஏற்கப்படுவதில்லை.

வாங்கியோர் இடும் மதிப்புரைகளும் சொல்லின்பாற்பட்டவையே. 'நல்ல பேக்கிங், சொன்ன நாளில் வந்தது' என்று ஐந்து நட்சத்திரம் அளிப்பவர் அட்டைப்பெட்டிக்கும் கொரியர்க்காரருக்குமே மதிப்பெண் இட்டிருக்கிறார். பாயிரத்தை மட்டும் படித்து நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் இலக்கிய உலகிலும் உண்டாதலின் இதனைத் தனிக்குற்றமாகக் கொள்ளலாகாது. ஆய்வாளருக்குப் பயன்படுவன, 'மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்' எனத் தொடங்கும் மதிப்புரைகளே.

பொருளதிகாரம்

பொருள் அகம், புறம் என இருவகைப்படும். கணவன் மனைவியிடையே 'இதற்கு அந்தப் பிரிண்டரையே வாங்காமல் இருந்திருக்கலாம்' என நிகழும் உரையாடல் அகம். நிறுவனங்களிடையே நிகழும் போர் புறம். பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் வருமானம் காண்பது உற்பத்தியாளரின் வணிகநெறியாதலின், காலிக்கூட்டை மீட்டு நிரப்புவோர் அந்நெறியின் அடிமடியிலேயே கைவைத்தவராகின்றனர். தள்ளுபடி விலையில் வாங்கிய கூட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்று நிபந்தனை விதித்த லெக்ஸ்மார்க் நிறுவனம், அக்கூடுகளை நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் மீது தொடுத்த வழக்கில், ஒருமுறை விற்றபின் அப்பொருளின் மேல் காப்புரிமை செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே 30 அன்று தீர்ப்பளித்தது. விற்ற மாட்டுக்குக் கயிறு பிடிக்கலாகாது என்பதே அதன் தமிழ்ச் சாரம்.

இல்லத்துக் கணக்கு இதனினும் எளியது. ஒரிஜினல் கூட்டின் விலை 4000 ரூபாய், அது தருவது 2000 பக்கம் எனக் கொண்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். மறுஉற்பத்திக் கூடு 500 ரூபாய் எனக் கொண்டு, சொன்னதில் பாதியாகிய 1000 பக்கமே தந்தாலும் பக்கத்துக்கு 50 காசுதான் ஆகிறது. ஆனால் அதே கூடு 100 பக்கத்தில் உயிர்விட்டால் பக்கம் 5 ரூபாய் ஆகிவிடும். ஆகவே விலை என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண் அன்று. கடைசிப் பக்கம் வெளிவந்த பின் வகுத்துக் காணும் ஈவு. இதனோடு அனுப்புக்கூலியையும் சேர்த்துக் காண்பது அறிவுடைமை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் முதுமொழி கொரியர் வருமுன்பே இயற்றப்பட்டதாயினும் அதற்கெனவே இயற்றியது போல் பொருந்துகிறது.

திருப்பியனுப்பும் கெடு குறித்தும் ஒன்று கூறுதல் வேண்டும். பழைய கூடு தீரட்டும் என்று புதியதைப் பீரோவுக்குள் வைப்பதே குடும்பங்களின் இயல்பு. பழையது தீரும் நாளில் கெடுவும் தீர்ந்திருக்கும். எனவே பெட்டி வந்த அன்றே அதைப் பிரிப்பதைப் படம்பிடித்து, பொருத்தி, சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிடுதலே நெறி. பழுது கண்டு முறையிட்டால், இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். அதற்கும் அசையாதவிடத்து 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

புறனடை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. நாள்தோறும் அச்சிடும் அலுவலகத்துக்கும் டியூஷன் சென்டருக்கும், டிரம்மும் பிளேடும் மாற்றிய மறுஉற்பத்தி டோனர் ஐயமின்றி ஏற்றது. சான்றிதழ், பத்திரம் போன்று நெடுநாள் நிற்க வேண்டியவற்றுக்கு மை எவ்வகையது என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். நிறமிக்கு மாற்றாகச் சாயம் நிரப்பிய கறுப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரைந்தோடக்கூடும். மாதம் நான்கு பக்கம் அச்சிடும் இல்லத்திலோ எவ்வகை இங்க்ஜெட் மைக்கூடும் தீர்ந்து சாவதில்லை, காய்ந்தே சாகும். அவ்வில்லத்தார் பென்டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நடப்பதே சிக்கனம்.

அக்கடையின் பிரிண்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜே.